நூற்று எண்பத்தேழு பகதூர்

ஆவடியில் பட்டாளத்துக்குச் சட்டை தைக்கிற தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவள் வரலட்சுமி. அவள் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. இதை அவளே எல்லோரிடமும் சொல்லுவாள். கேட்கிறவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். வேலையில் இருக்கும்போதே நூம்பலில் ஒரு ஃப்ளாட் வாங்கிக் குடிவந்தவள், ஓய்வு பெற்ற கையோடு அந்த அடுக்ககத்தின் சங்கச் செயலாளரும் ஆனாள். அன்றிலிருந்து அங்கே மொட்டை மாடியில் வடாம் காயப் போடுவதற்குக்கூட ஒரு விண்ணப்பப் படிவம் உண்டு.

அப்படிப்பட்டவளைத் தேடித்தான் இளங்கோ வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிஸ்கட் டப்பா செய்கிற கம்பெனி அவருக்கு. வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் நேபாளத்துக்காரர்கள். அவர்களில் யாருக்காவது ஒரு பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும், ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும் என்றால் டெல்லியிலுள்ள நேபாளத் தூதரகத்துக்கு ரயிலேற வேண்டும். போகிறவன் எப்போது திரும்புவான் என்பது அந்த ரயிலுக்கே தெரியாது. பார்த்தார் இளங்கோ. தூதரகத்தையே இங்கே கூட்டி வந்துவிட்டால் என்ன என்று டெல்லிக்கு எழுதிப் போட்டார். கௌரவத் தூதர் பதவிக்குத் தானே தயார் என்றும் எழுதினார். அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் பலகை உண்டு, முத்திரை உண்டு, விசேஷங்களில் முதல் வரிசை நாற்காலி உண்டு. மனுஷனுக்கு அதுவும் வேண்டியிருக்கிறதே! வேலப்பன்சாவடியில் ஹார்டுவேர் கடைக்கு மேலிருந்த தன் காலி ஹாலுக்கு வெள்ளையடித்தார். பதில் வருவதற்கு முன்பே கோட்டுக்கு அளவும் கொடுத்துவிட்டார்.

பதில் வந்தது. வெறும் ஆசைக்கு அலுவலகம் திறக்க மாட்டார்களாம். இந்தப் பக்கத்தில் குறைந்தது முந்நூறு பேராவது தங்கள் நாட்டுக்காரர்கள் வசிக்கிறார்கள் என்பதற்கு, வசிக்கிற இடத்திலிருந்தே கடிதம் வேண்டும் என்றார்கள். சரியாக இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாரி முத்திரையோடு வருவார். இல்லையென்றால் அலுவலகம் வேறு ஊருக்குப் போய்விடும்.

"நீங்க மனசு வெச்சா ஆகும் மேடம். எனக்குப் பேப்பர் வேலைன்னாலே காய்ச்சல் வந்துடுது" என்றார் இளங்கோ.

வரலட்சுமி மனசு வைத்தாள். இளங்கோவின் கோட்டுக்காக இல்லை, அஸ்மிதாவுக்காக. அஸ்மிதா அவர்கள் அடுக்ககத்து வாட்ச்மேன் பகதூரின் மகள். கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில் படித்தே பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். பூந்தமல்லி பக்கத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் கல்லூரியில் ஒரு கடிதம் கேட்டார்கள்.

"அப்பா பேப்பர்ல இன்னாவோ சிக்கலாம் ஆன்ட்டி. எங்க நாட்டு ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வாங்கினு வரணுமாம். இன்னும் மூணு வாரந்தான் கீது, அந்தத் திங்கக்கெழம கடைசி நாளு. அதுக்குள்ள டெல்லி போயி வர முடியுமா சொல்லுங்க?" என்று கண் கலங்க நின்றாள் அஸ்மிதா.

"டெல்லி எதுக்குடி? டெல்லியே இங்க வருது. நீ போய் மொகத்த கழுவு" என்றாள் வரலட்சுமி. என்ன சிக்கல் என்று அவள் கேட்கவில்லை. முத்திரை வந்துவிட்டால் சிக்கல் தானே தீரும் என்பது அவளுடைய முப்பத்து நாலு வருஷ அனுபவம்.

அன்றைக்கே உட்கார்ந்து ஒரு மாதிரிக் கடிதம் தயாரித்தாள். 'நேபாள நாட்டைச் சேர்ந்த திரு. பகதூர் என்பவர் எங்கள் குடியிருப்பில் வசித்து வருகிறார் என்று சான்றளிக்கிறேன்' என்று அழகாக எழுதி, சங்க முத்திரை குத்தி, போட்டோ எடுத்து, திருவேற்காட்டிலிருந்து பாரிவாக்கம் வரைக்கும் எல்லாச் சங்கச் செயலாளர்களுக்கும், கம்பெனிக்காரர்களுக்கும், ஓட்டல்காரர்களுக்கும் அனுப்பினாள். 'இதேபோல் அனுப்பவும்' என்று கீழே ஒரு வரி. பத்தே நாளில் கடிதங்கள் குவிந்தன. அவள் எண்ணினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. இரண்டாம் முறை எண்ணினாள். அதே முந்நூற்றுப் பன்னிரண்டு. நூல் போட்டுக் கட்டி இளங்கோவிடம் கொடுத்தாள். எண்ணுவதுதான் அவள் கற்ற வேலை. படித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

கெடு முடிய ஐந்து நாள் இருக்கையில், புதன்கிழமை மாலை இளங்கோ போன் செய்தபோது அவள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"மேடம், எல்லாம் போச்சு மேடம்! டெல்லிலேர்ந்து கூப்பிட்டாங்க. நம்ம லிஸ்ட்ல நூத்தி எண்பத்தேழு பேரு பேரும் பகதூராம். வெறும் பகதூர்! அப்பன் பேர் இல்ல, குடும்பப் பேர் இல்ல. 'உங்க ஊர்ல ஒரே தாய்க்குப் பொறந்தவங்களா எல்லாரும்'னு கேக்கறாரு அந்த அதிகாரி. போலி லெட்டர்னு நெனைக்கறாங்க மேடம்!"

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. வரலட்சுமி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நடந்தது இதுதான். மாதிரிக் கடிதம் கிடைத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல், நம் ஜனங்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள். அதையே பிரதி எடுத்து, நூம்பல் சங்கத்தின் பெயரை அடித்துவிட்டு, தங்கள் முத்திரையைக் குத்தினார்கள். வாட்ச்மேன் பெயரை மாற்ற வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் படவில்லை. மாற்றுவானேன்? அவர்கள் வீட்டு வாட்ச்மேனும் அவர்களுக்குப் பகதூர்தானே! திருவேற்காட்டுச் சங்கச் செயலாளர் லோகநாதன் நாலு வாட்ச்மேன்களுக்கு நாலு பகதூர் கடிதம் அனுப்பியிருந்தார். ஒரு ஓட்டல்காரர் மோமோ மடிக்கிறவரிலிருந்து பாத்திரம் தேய்க்கிறவர் வரைக்கும் ஒன்பது பேரையும் பகதூராக்கியிருந்தார்.

"ஞாயித்துக்கெழம அவர் வர்றது வர்றாராம். வேற வேலையும் இங்க இருக்காம். அதுக்குள்ள சரியான லிஸ்ட் இருந்தா பாக்கறேன்றாரு, இல்லன்னா ஃபைல மூடிடுவேன்றாரு" என்று முடித்தார் இளங்கோ.

வரலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு விறுவிறுவென்று கேட்டுக்கு இறங்கினாள். கோபம் யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. யார் மேலாவது காட்ட வேண்டுமே.

"பகதூர்!"

தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் டியூபைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"உன் பேர் என்னப்பா?"

அவன் விழித்தான். "பகதூர் மேடம்."

"அது எனக்குத் தெரியும். உங்கப்பா அம்மா வெச்ச பேர் என்ன?"

வேலையைவிட்டு அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான் போல. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பதினோரு வருஷமாகத் தினமும் பார்க்கிற தலை. நடுவில் இவ்வளவு வழுக்கை விழுந்திருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"கேசர் மான் தமாங்" என்றார் அவர்.

"அப்புறம் எதுக்குப் பகதூர்னு கூப்பிட்டா ஓடி வர்றே?"

"எனக்கு முன்னாடி இருந்த வாட்ச்மேன் பேரு பகதூர் மேடம். அவரு ஊருக்குப் போயிட்டாரு, நான் வந்தேன். மொத நாளு அப்ப இருந்த பிரசிடென்ட் சாரு மாடிலேர்ந்து 'பகதூர், மோட்டார் போடு'ன்னாரு. நான் போட்டேன்."

"என் பேரு அது இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"தண்ணி நின்னுபோயிருந்திச்சி மேடம். எல்லாரும் கத்தினு இருந்தாங்க. மோட்டாரப் போட்டுட்டு அப்புறமா சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் கேக்கல மேடம்."

அறைக்குள்ளிருந்து அஸ்மிதா வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட பழைய காகிதம். அவள் அப்பாவின் நாட்டுக் குடியுரிமைச் சான்று. "இதான் ஆன்ட்டி சிக்கலு. என்னை இஸ்கூல்ல சேக்கறப்ப பிரசிடென்ட் சார்தான் பாரம் ரொப்பித் தந்தாராம். அப்பா பேருன்ற எடத்துல பகதூர்னு எழுதிட்டாரு. இதுல வேற பேரு கீது. 'ரெண்டு பேரும் ஒரே ஆளுதானா, எழுதி வாங்கினு வா'ன்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க."

வரலட்சுமி அந்தக் கேட்டின் அருகிலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பட்டாளத்துச் சட்டைக்கு எத்தனை பித்தான் என்று சிப்பாய்க்குச் சிப்பாய் கணக்கு வைத்தவள் அவள். சங்கத்துச் சம்பள வவுச்சரில் மாதா மாதம் 'பகதூர்' என்று அவளே எழுதியிருக்கிறாள், அவரும் மாதா மாதம் 'பகதூர்' என்று தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தத் தமிழ்க் கையெழுத்தைப் பார்த்து, பரவாயில்லையே என்று மெச்சிக்கூட இருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு வெட்கம் அவளுக்குப் பழக்கமில்லாததால் அதை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

"அஸ்மிதா, செருப்பை மாட்டு. என் ஸ்கூட்டில ஏறு" என்று எழுந்தாள்.

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாளும் நீள நோட்டும் பேனாவுமாக அந்த ஸ்கூட்டி ஓடாத தெரு இல்லை. அஸ்மிதா நேபாளியில் கேட்பாள், எழுத்துக் கூட்டிச் சொல்லுவாள், வரலட்சுமி எழுதுவாள். ஊர், மாவட்டம், அப்பா பெயர் எல்லாம். முதலில் ஆட்கள் பயந்தார்கள். போலீஸ் கணக்கா என்று கேட்டார்கள். அஸ்மிதாவின் அம்மா மாயா வேலப்பன்சாவடியில் மோமோ வண்டி போடுகிறவள். வண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவள் விஷயத்தைச் சொல்லிவிட, அப்புறம் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. வண்டியைச் சுற்றியே வரிசை கட்டி நின்று பெயர் கொடுத்தார்கள்.

கூடவே வீட்டுக்காரர்களும் வந்தார்கள். அவர்களுக்கும் உறுத்தல். அதைக் காட்டிக்கொள்ளாமல் சத்தமாகப் பேசினார்கள்.

"இன்னாம்மா இது, ஆறு வருசமா எங்கூட்டு வாசல்ல ஒக்காந்துகினு கீறான், நேத்து கேட்டா பி.ஏ. படிச்சிகீறேன்றான்! மவனே, சொல்லக் கூடாதாடான்னேன். 'நீங்க கேக்கலியே அண்ணாத்தே'ன்றான்" என்றார் திருவேற்காட்டு லோகநாதன். "இன்னொரு கூத்து கேளு. நாலு பேர்ல ஒர்த்தன் நெஜமாவே பகதூராம். சந்திர பகதூர். அவனை இன்னா பண்றது?"

"அவரை அப்படியே விடுங்க. முன்னாடி சந்திராவை மட்டும் சேர்த்து எழுதுங்க" என்றாள் வரலட்சுமி.

அப்படி நிஜப் பகதூர்கள் இருபத்து மூன்று பேர் தேறினார்கள். மீதி நூற்று அறுபத்து நாலு பேருக்கும் வேறு வேறு பெயர். சனிக்கிழமை மாலை நோட்டை மூடும்போது முந்நூற்று நாற்பத்தொரு பேர். எண்ணி முடித்ததும், முதல் பக்கத்துக்குப் போய் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தாள் வரலட்சுமி. அஸ்மிதா உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹார்டுவேர் கடை மாடியில் நிற்க இடமில்லை. படிக்கட்டிலும் கீழே சிமெண்டு மூட்டைகளின் மேலும் ஆட்கள். இளங்கோ கோட்டுப் போட்டுக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நின்றார். ஃபேன் காற்று முழுவதும் அதிகாரிக்குத்தான். அதிகாரி உப்ரேதி ஒல்லியான மனிதர், சிரிப்பதற்குக் காசு கேட்பவர் போல முகம். நோட்டை வாங்கினார். நாலு பக்கம் புரட்டினார். பிறகு நடுவில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஹர்க்க ராஜ் லிம்பு."

பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். பாரிவாக்கத்தில் வாட்ச்மேன். அவருடைய சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் திரும்பி, அடடே, இவரா என்பது போலப் பார்த்தார்கள். அதிகாரி அடுத்த பெயரைச் சொன்னார். அதற்கும் ஓர் ஆள் எழுந்தார். இன்னொன்று, இன்னொன்று. பத்து, இருபது என்று போய்க்கொண்டே இருந்தது. எழுந்தவர்கள் யாரும் உட்காரவில்லை. நாற்பதாவது பெயரில் அதிகாரி நோட்டை மூடினார். ஆறு மாதத்துக்கு இந்த அலுவலகம் நடக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஹால் முழுக்க விசில். இளங்கோ குனிந்து கோட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு ஆள் இவ்வளவு சந்தோஷப்பட்டால் அவரைக் கேலி செய்யவும் மனசு வருவதில்லை.

முதல் மனு அஸ்மிதாவுடையது. மேஜைக்கு முன்னால் அப்பாவும் மகளும் நின்றார்கள். அதிகாரி பள்ளிச் சான்றிதழைப் பார்த்தார், குடியுரிமைச் சான்றைப் பார்த்தார், ஒரு அச்சடித்த படிவத்தை எடுத்துப் பெயரை நிரப்பி வைத்தார். இரண்டு பெயரும் ஒரே ஆளுக்குத்தான் என்று உள்ளூர்க்காரர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். சாட்சி இருந்தால் இப்போதே கடிதம். யார் சாட்சி?

"நான்" என்று வந்து உட்கார்ந்தாள் வரலட்சுமி. பேனாவைத் திறந்தாள். எப்போதும்போலப் படிக்காமல் கையெழுத்துப் போடப் போனவள், இந்த நாலு நாளாகக் கற்றுக்கொண்ட புத்தியில் படித்தாள்.

'மேற்கண்ட நபரை, கேசர் மான் தமாங் என்ற பெயரில், ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் எனக்குத் தெரியும் என்று உறுதி கூறுகிறேன்.'

பேனா அப்படியே நின்றது.

"என்ன மேடம், மை இல்லியா?" என்று இளங்கோ தன் பேனாவை நீட்டினார்.

"இது பொய்" என்றாள் வரலட்சுமி.

"எது?"

"இந்தப் பேர்ல இவரை எனக்கு அஞ்சு வருஷமாத் தெரியாது."

இளங்கோ அவள் காதருகே குனிந்தார். "மேடம், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். ஒரு வரி. யார் பாக்கப் போறா? நாளைக்குக் கடைசி நாள், பொண்ணோட படிப்பு மேடம்."

அது அவளுக்குத் தெரியாதா? எதிரே அஸ்மிதா அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையெழுத்துப் போட்டால் பெண் நாளைக்குக் கல்லூரியில் சேர்ந்துவிடுவாள். முப்பத்து நாலு வருஷத்தில் இல்லாத ஒரு பித்தானைக்கூட இருக்கிறது என்று எழுதாதவள், இந்தக் குழந்தைக்காக ஒரு பொய் எழுதினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. எழுதவும் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் அந்த மனுஷன் பக்கத்திலேயே நிற்கிறாரே. பதினோரு வருஷமாக அந்தப் பெயரால் தன்னைக் கூப்பிட்டதாக அவர் முன்னாலேயே எப்படி எழுதுவது? யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியுமே.

அச்சடித்த வரியைக் கோடு போட்டு அடித்தாள். "ஐயோ மேடம்!" என்றார் இளங்கோ. அஸ்மிதா வாயைப் பொத்திக்கொண்டாள். வரலட்சுமி நிமிராமல், அடித்த வரிக்குக் கீழே ஆங்கிலத்தில் தன் குண்டு எழுத்தில் எழுதினாள். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, படிவத்தை அதிகாரியின் பக்கம் திருப்பி வைத்தாள்.

அதிகாரி படித்தார். புருவத்தைத் தூக்கினார். இரண்டாம் முறை படித்தார். பிறகு அதைச் சத்தமாக நேபாளியில் சொன்னார். தமிழ் ஆட்கள் "இன்னா சொல்றாரு, இன்னா சொல்றாரு" என்று கேட்க, அஸ்மிதாதான் தமிழில் சொன்னாள்.

"'இவரை எனக்குப் பதினோரு வருஷமாத் தெரியும். இவர் இருக்கற தைரியத்துல கதவைப் பூட்டாமத் தூங்கியிருக்கேன். நாங்க எல்லாரும் பகதூர்னு கூப்பிட்டது இவரைத்தான், வேற யாரையும் இல்ல. இவர் பேர் கேசர் மான் தமாங்னு தெரிஞ்சு எனக்கு நாலு நாள்தான் ஆகுது. கேக்காதது என் தப்பு. வரலட்சுமி, செயலாளர்.'"

அதிகாரி கேசர் மானைப் பார்த்து, இது உண்மைதானா என்று நேபாளியில் கேட்டார். அவர் தலையை ஆட்டினார். அதிகாரி முத்திரையை மையில் அழுத்தி, படிவத்தின்மேல் ஒரு குத்து, அஸ்மிதாவின் கடிதத்தின்மேல் ஒரு குத்து. அந்தச் சத்தம் கேட்டதும் மாயா சுவரோரமாக உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ கேசரிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

வரலட்சுமி பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்து நிமிர்ந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?" என்றார் கேசர் மான்.

"சொல்லுங்க."

"நீங்க எழுதினது... அது ஒரு ஜெராக்ஸ் கெடைக்குமா?"

"அஸ்மிதா காலேஜுக்கு அது தேவையில்ல. முத்திரை போட்ட லெட்டர் மட்டும் போதும்."

"காலேஜுக்கு இல்ல மேடம்" என்றார் அவர். "எனக்கு."